சத்தம் போடாத லாஞ்ச்

மார்ச் 3, ஞாயிறு, காலை 7.15

அக்காவுக்கு,

லாஞ்ச் தண்ணீரில் இறங்கிப் பத்து நாள். வாடகைக்குப் போனது ஒன்பது தடவை. மாலை ஐந்து வரை என்று எடுத்துக்கொண்டு போய், நண்பகலுக்கு முன்பே திரும்பி வந்தது எட்டுத் தடவை. நீ அனுப்பிய தாளை மூன்று முறை படித்தேன். கை தவறி எழுதியிருப்பாயோ என்று போன் செய்தேன். அத்தான் எடுத்தார். "எட்டா, இல்ல மூணா?" என்று கேட்டேன். "ஆமா, ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டார். எதற்கு ஆமா?

அதனால்தான் கடிதம். தவிர, போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய்.

நான் அதிர்ந்துபோயிருக்கிறேன். இது நான் வரைந்த முதல் படகு. ஆறரை மீட்டர் நீளம், எட்டுப் பேர் உட்காரலாம், கூரை கிடையாது, ஓரமெல்லாம் மரச்சட்டம், எதிரெதிரே பெஞ்சு, நடுவில் சாப்பாட்டு மேசை. பார்த்தால் நூறு வருடத்துக்கு முந்தைய படகு. உள்ளே ஒன்பது மணி நேரம் ஓடும் பாட்டரி. மோட்டார் சத்தம், உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைவிடக் குறைவு. அளந்திருக்கிறேன். ஒரு குடும்பம் ஒரு நாளை நிம்மதியாகக் கழிக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அவர்கள் பாதி நாளில் ஓடி வருகிறார்கள், மீதிப் பொழுதை வேண்டாமென்று விட்டுவிட்டு. இப்படி ஒரு விஷயத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மெத்தையைக் காயப்போடுகிறாயா? ஓட்டும் முறையைச் சரியாகச் சொல்லித் தருகிறாயா? தப்பு படகில் இருக்காது. ஞாபகம் இருக்கட்டும், ஆறு வருடத்துக்கு முன்னால் நம் படகுத்துறையின் எட்டு டீசல் படகிலும் சைலன்சரைக் கழற்றி எறிந்து, அதே டீசலில் அரை மணி நேரம் கூடுதலாக ஓட வைத்தவன் நான்தான். என் கணக்கு தப்பாது.

16ஆம் தேதி எங்கள் படகுப் பட்டறை முதலாளி அங்கே வருகிறார். அவருக்குப் பிடித்தால் இதே அச்சில் ஆறு லாஞ்ச், எல்லாம் நம் துறைக்கு. பிடிக்காவிட்டால் அச்சை உடைத்துவிடுவார். வரைபட அறையையும் மூடிவிடுவார். அந்த அறையில் இருப்பது நான் ஒருவன்தான். ஆக, காரணம் எனக்கு உடனே வேண்டும்.

அத்தான் அனுப்பிய மின்படகு அனுமதிப் படிவத்தில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வந்ததா?

தம்பி

* * *

மார்ச் 7, வியாழன்

அன்புள்ள அளவுகோலுக்கு,

மெத்தை காய்கிறது. நானும் காய்கிறேன். பத்தொன்பது வயதிலிருந்து இந்தத் துறையில் கயிறு பிடிக்கிறேன், எனக்குப் படகு ஓட்டச் சொல்லித்தரத் தெரியாதா? அடுத்த கடிதத்தில் "நலமா" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள். மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

உன் படகு அழகு. அதைச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் எட்டு டீசல் படகையும் தாண்டி நேரே அதனிடம்தான் போகிறார்கள். ஒரு கல்யாண ஜோடி அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, வாடகைக்கு வேறு படகை எடுத்துக்கொண்டு போனது. ஏன் திரும்பி வருகிறீர்கள் என்று வந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். வெயில் என்றார் ஒருவர், அன்று மேகமூட்டம். குழந்தைக்குப் பல்வலி என்றாள் ஒருத்தி. குழந்தை முறுக்கு கடிப்பது போல மேசை ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. யாரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

அப்புறம்தான் புரிந்தது. போன செவ்வாய் காலை படகு மேடையின் கோடியில் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு அலுவலகத்து ஆட்கள் ஆறு பேர் உன் லாஞ்சை எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் பத்து நிமிடம் ஆகா, ஓகோ. அப்புறம் தங்கள் மேலதிகாரியைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். அவருடைய விக், அவருடைய மைத்துனிக்குக் கிடைத்த பதவி எல்லாம் எனக்குக் கேட்டது. கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள், என் காதில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. எதிர்க்கரையில் மீன் பிடிக்கிறவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவர்களுக்குக் கேட்டது. படகு அப்படியே நின்றது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள், ஆறு பேரும் கீழே பார்த்துக்கொண்டு.

மறுநாள் ஒரு குடும்பம். அப்பாவை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று மூன்று பிள்ளைகளும் பேசினார்கள். அந்த அப்பா கரையில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தண்ணீர் ஆகாது என்று. நான் எழுந்து போய் டீசல் படகு ஒன்றை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டேன். வேறென்ன செய்வது?

நம் பழைய படகில் எல்லோரும் பஸ் மாதிரி முன்னால் பார்த்து உட்காருகிறார்கள், எஞ்சின் கத்துகிறது, ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டு சந்தோஷமாகப் போய் வருகிறார்கள். உன்னுடையதில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தாக வேண்டும், பேசினால் ஊருக்கே கேட்கும். நாள் முழுக்க அதை யார் தாங்குவார்கள்? ஐந்து மணி வரை இருந்த அந்த ஒரே ஆள் எப்படி இருந்தார் என்று கேட்பாய். தூங்கிவிட்டார்.

உன் அத்தான் மட்டும் உன் படகைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சத்தமே இல்லையே, கவனித்தீர்களா என்றேன். "எனக்கு எல்லாப் படகும் ஒண்ணுதான்" என்றார். பேச்சு கரைக்குக் கேட்கிற சங்கதியையும் சொன்னேன். தலையாட்டினார். இப்போதெல்லாம் எதற்கும் தலையாட்டல்தான்.

அது என்ன படிவம்? மின்படகு அனுமதி ஜனவரியிலேயே வந்து ஆணியில் தொங்குகிறதே. அவரிடம் கேட்டேன், ஏதோ காப்பீட்டுக்கு என்றார்.

அக்கா

* * *

மார்ச் 11, திங்கள்

அக்காவுக்கு,

நலமா.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நம்பவில்லை. பிறகு பாடப் புத்தகத்தை எடுத்தேன். காலையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்திருக்கும், மேலே சூடான காற்று. மேலே போகிற சத்தம் அங்கிருந்து வளைந்து மறுபடி தண்ணீர்மேலேயே இறங்கும். அதனால்தான் கால் கிலோமீட்டர். இரண்டாம் வருடத்தில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், பத்துக்கு ஒன்பது. படகு வரையும்போது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. மோட்டாரின் சத்தத்தை அளந்தேன். மனிதர்களின் சத்தத்தை அளக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பேசுவதை மேடையில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டிருக்கிறாய். கயிறு பின்னினாயாம். முதல் நாளே அவர்களிடம் சொல்லியிருந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள், எட்டு என்பது நாலாகியிருக்கும். என் பிழைப்பு உனக்கு வேடிக்கையா?

முதலாளியிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. அவர் வந்தால் மதியம் மூன்று மணிக்கு மேல் அனுப்பு. அப்போது தண்ணீர் சூடாகியிருக்கும், காற்றும் அடிக்கும், பேச்சு கரைவரை வராது. காலையில் மட்டும் அனுப்பிவிடாதே. இந்த ஒரு உதவியைச் செய்.

படிவம் காப்பீட்டுக்கு என்றால் அப்படித்தான் இருக்கும். நாலு பக்கம், பொடி எழுத்து. யார் படிப்பார்கள்?

தம்பி

* * *

மார்ச் 16, சனி, மதியம் 1.30, டிக்கெட் அறை

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். போனில் சொல்ல முடியாது. உன் அத்தான் இந்த அறைக்கும் மேடைக்குமாக நடந்துகொண்டிருக்கிறார்.

உன் முதலாளி மூன்று மணிக்கு வரவில்லை. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார், உன் அத்தானோடு சேர்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டு. இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர்கள் மாதிரி இல்லை. நான் மதியம் போகலாமே என்று இழுத்தேன். அதற்குள் இருவரும் ஏறி லாஞ்சை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

நான் ஒட்டுக் கேட்கவில்லை. நீ எழுதியதற்காகவே எழுந்து உள்ளே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர்கள் ஏதோ கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிறவர்கள் மாதிரிப் பேசினார்கள். காதைப் பொத்தியிருந்தாலும் கேட்டிருக்கும்.

உன் முதலாளி சொன்னார், படகு பார்க்க லட்சணமாக இருக்கிறது, வாடகைக்குச் சரிப்படாது, தனக்கு வேண்டியது துறையும் குத்தகையும்தான் என்று. இங்கே நீர்விளையாட்டு ஸ்கூட்டர் விடப்போகிறாராம். உன்னை இந்த மாதக் கடைசியில் வேலையைவிட்டு அனுப்பிவிடுவாராம். அதற்கு உன் அத்தான் ஏதோ சொல்லித் தடுத்தார், பையனை வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்தேன் என்று இருக்கக்கூடாது.

அப்புறம் இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான் கையெழுத்து வந்தாச்சு. அவ கையெழுத்துதான் பாக்கி. கேட்டா போட மாட்டா. புதன்கிழமை படகுப் பேப்பரோட பேப்பரா வெச்சு நீட்டினா படிக்காமப் போட்டுருவா. என்னை நம்புவா."

என்னை நம்புவா. பதினோரு வருடம் கூட இருந்தவர், தண்ணீர் நடுவில் நின்று, ஊர் கேட்கச் சொல்கிறார்.

எதிர்க்கரையில் மீன் பிடிக்கிறவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் திரும்பி வந்ததும் கயிற்றை நான்தான் வாங்கிக் கட்டினேன். தண்ணீர் கொடுத்தேன். படகு எப்படி என்று உன் முதலாளியைக் கேட்டேன். அருமை, ஆறு செய்துவிடலாம் என்றார். உன் அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்று சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

அம்மா அப்பாவுக்குப் பிறகு நம் இருவர் பேரிலும் எழுதிய குத்தகை இது. ஒரு ஆணி வாங்கினால்கூட அதன் டப்பாவில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்கிறவன் நீ. நாலு பக்கம் படிக்கவில்லையா? உண்மையிலேயே படிக்கவில்லையா?

அக்கா

* * *

மார்ச் 18, திங்கள், இரவு

அக்கா,

படிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பும் முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவைப்பது வழக்கம். இன்று படித்தேன். முதல் பக்கம் மின்படகு. இரண்டாம் பக்கம் மின்படகு. மூன்றாம் பக்கம் பாதியில் "மேற்படி துறையின் குத்தகை உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கு எனக்கு முழுச் சம்மதம்." அடியில் என் கையெழுத்து. கொஞ்சமும் நடுங்காத, அழகான கையெழுத்து.

உன்னை ஒட்டுக் கேட்டாய் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

ஒன்று மட்டும் விசாரித்துவிட்டேன். உன் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பத்திரம் செல்லும். அதுவரை என்னுடையதை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். புதன்கிழமை அவர் எதை நீட்டினாலும் தொடாதே. நான் உடனே கிளம்பி வந்து அவரை நாலு பேர் முன்னால் கேட்கிறேன். எப்படி அக்கா இப்படி ஒரு மனிதர்? என் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கி நீச்சல் சொல்லித் தந்தவர்.

தம்பி

* * *

மார்ச் 21, வியாழன்

தம்பி,

வராதே. பொறு. முழுக்கப் படித்துவிட்டு வா. இந்தத் தடவையாவது முழுக்கப் படி.

புதன்கிழமை காலை அவர் பேப்பரை எடுக்கும் முன்பே நான் சொன்னேன், வாங்க, தம்பி படகில் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் படகில் பயணியாகப் போனதே இல்லை. அவர் திகைத்தார், ஆனால் வந்தார். நடுத்தண்ணீரில் மோட்டாரை நிறுத்தினேன். எதிரெதிரே பெஞ்சு. தப்பிக்க வழியில்லை.

எனக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "அன்னிக்கு நீங்க பேசினது எல்லாம் கரைக்குக் கேட்டுச்சு" என்றேன். பதில் இல்லை. வெட்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் அமைதியாக வாத்துக் கூட்டத்தை ரசித்துக்கொண்டிருக்கிறார்.

திரும்பவும் சொன்னேன், தலையைத் திருப்பிக்கொண்டு. அசையவில்லை. அவர் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னேன். அப்போதுதான் முகம் வெளுத்தது.

தம்பி, அவருக்குக் காது கேட்கவில்லை. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலதில் கொஞ்சம் மிச்சம். என் வாயைப் பார்த்துத்தான் இத்தனை நாள் பதில் சொல்லியிருக்கிறார். எதற்கும் தலையாட்டல், போனில் ஆமா ஆமா, எனக்கு எல்லாப் படகும் ஒண்ணுதான். ஒரே வீட்டில், ஒரே தட்டுக் கழுவும் தொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு அவர் மைக் இல்லாத மாதிரிக் கத்தியது தன் குரல் தனக்குத் தெரியாததால். உன் முதலாளி கத்தியது இவருக்குக் கேட்பதற்காக.

"எவ்வளவு கேட்டுச்சு?" என்று கேட்டார். அதையும் உரக்கத்தான் கேட்டார்.

"எல்லாம்."

அப்புறம் அவரே சொன்னார். ஜனவரியில் பெடல் படகில் வந்த இரண்டு பெண்கள் ஊதல் ஊதி ஊதிக் கத்தியிருக்கிறார்கள். இவர் கேட்காமல் டீசல் படகைப் பின்னோக்கி எடுத்திருக்கிறார். ஒரு கை இடைவெளியில் தப்பினார்கள். அவர்கள் அழுததைப் பார்த்துத்தான் தெரிந்ததாம், கேட்டு இல்லை. அன்றிலிருந்து தூக்கமில்லை. காது போனது தெரிந்தால் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், நான் உட்கார வைத்துச் சோறு போட வேண்டியிருக்கும், அதற்கு முன் துறையை ஒருவன் தலையில் கட்டிவிட்டு, யாரையும் கொல்லாமல் வெளியேற வேண்டும் என்று நினைத்தாராம். என்னிடம் சொன்னால் ஏன் விற்க வேண்டும் என்று கேட்பேன். ஏன் என்பதற்கு மட்டும் அவரிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை.

காதில் விர்ரென்ற சத்தம் ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறதாம். ஒரு கோடை முடிந்து, வீட்டுக்கு வந்த பிறகும் எஞ்சின் ஓடுகிற மாதிரியே இருந்ததாம்.

நான் மன்னிக்கவில்லை. என்னை நம்புவா என்று சொன்னது காது கேளாததால் வந்தது இல்லை. பேப்பரை அவரையே கிழிக்கச் சொன்னேன், கிழித்தார். இப்போதைக்கு அவர் ஓட்டுவதில்லை. முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டியதை மட்டும் பேசுகிறேன்.

இன்னொன்று. அன்று கரைக்கு வந்ததும் ஒரு பலகை எழுதி லாஞ்சின் பக்கத்தில் நட்டேன்: "இந்தப் படகில் பேசுவது கரைக்குக் கேட்கும்." இன்று அதைப் படித்துவிட்டு ஒரு குடும்பம் சிரித்தது. ஏறிக்கொண்டது. ஐந்து மணிக்குத்தான் திரும்பியது. என்ன பேசினார்கள் என்கிறாய்? பாட்டுப் பாடினார்கள். நாராசம். ஆனால் கரையில் இருந்தவர்கள் நாளைக்கு அந்தப் படகு வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அக்கா

* * *

மார்ச் 24, ஞாயிறு, காலை 6.05

அக்காவுக்கு,

ஆறு வருடம். எட்டுப் படகு. எட்டு சைலன்சர்.

உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். "ஒரு கோடை முடிந்து" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குமேல் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. நீ வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாயா, இல்லை உனக்குத் தோன்றவே இல்லையா என்று தெரியவில்லை.

அது என் இரண்டாம் வருட விடுமுறை. சைலன்சர் எஞ்சினை மூச்சுத் திணற வைக்கிறது, கழற்றினால் டீசல் மிச்சம் என்று நான்தான் குதித்தேன். அத்தான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். முதல் படகை ஸ்டார்ட் செய்ததும் காதைப் பொத்திக்கொண்டு, "சத்தம் ஜாஸ்தியா இருக்கேடா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகிடும் அத்தான்" என்றேன். மூன்று வாரம் முன்புகூட உனக்குப் பெருமையடித்து எழுதியிருக்கிறேன். என் கணக்கு தப்பாது என்று.

டீசல் படகு ஓட்டும் அவருடைய இருக்கை எஞ்சினுக்கு ஒரு முழம் முன்னால். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அந்தச் சத்தம் எவ்வளவு என்று ஒரு தடவைகூட நான் அளந்ததில்லை. கத்தும் படகுகளை அவருக்குக் கொடுத்துவிட்டு, சத்தமே இல்லாத படகை ஊரிலுள்ள மற்றவர்களுக்காக வரைந்திருக்கிறேன்.

அவர் உன்னை ஏமாற்றப் பார்த்ததை நான் இல்லையென்று சொல்லவில்லை. அது உங்கள் இருவர் விஷயம். இது என் விஷயம். இனி செய்யப்போவது:

1. சம்மதத்தைத் திரும்பப் பெறும் கடிதம் இத்துடன் இருக்கிறது. இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். நீயும் படித்துவிட்டுக் குத்தகை அலுவலகத்தில் கொடு.

2. முதலாளி என்னை அனுப்பும் முன் நாளையே நானாகக் கிளம்புகிறேன். அச்சை உடைக்கட்டும். வரைபடம் என்னுடையது.

3. லாஞ்சின் வடிவத்தில் ஒரு மில்லிமீட்டரும் மாற்றப்போவதில்லை. உன் பலகை போதும். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுது.

4. 27ஆம் தேதி காலை வந்து இறங்கியதும், கழற்றிய சைலன்சர்களைக் கட்டி டிக்கெட் அறைக்குப் பின்னால் நான் வீசிய சாக்கைத் தேடுவேன். துருப்பிடித்திருந்தால் எட்டு சைலன்சரும் புதிதாக வாங்குவேன். அவை மாட்டும்வரை எந்த டீசல் படகும் ஓடக்கூடாது. பிறகு ஒவ்வொன்றாக எஞ்சினையே எடுத்துவிட்டு மோட்டார் வைப்பேன்.

5. அத்தானைக் காது டாக்டரிடம் அழைத்துப்போவேன். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற எண் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

6. மறுநாள் காலை ஏழு மணிக்கு, தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, அவரை லாஞ்சில் ஏற்றி நடுவில் கொண்டுபோய் எதிரே உட்காருவேன். அவர் ஸ்பானர் எடுத்துக் கொடுத்த நாளைச் சொல்வேன், பழகிடும் என்று சொன்னது நான் என்றும் சொல்வேன். அவருக்குக் கேட்கிற அளவுக்கு உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நீ மேடையில் இரு.

தம்பி